தெருச் சீட்டு கூட்டுறவு ஆகுமா?

கேள்வி இதுதான். ஒரு குடியிருப்பில் இருபது பேர் சேர்ந்து மாதம் 5,000 ரூபாய் ஏலச்சீட்டு பல வருஷமாக நடத்துகிறார்கள். இதுவரை ஒருவரும் ஏமாற்றியதில்லை. இதைக் கூட்டுறவு என்று சொல்லலாமா, மாதாமாதம் கட்டும் வங்கித் தொடர் வைப்பான ஆர்.டி.யைவிட இது லாபமா, இன்னும் ஆட்களைச் சேர்த்துச் சங்கமாகப் பதிவு செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு இரண்டு பக்கமும் பழக்கம் உண்டு. அம்மா பதினெட்டு வருஷம் சீட்டுப் பிடித்தவர், அதாவது ஆள் சேர்த்து நடத்தியவர். நான் கூட்டுறவுச் சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன். அம்மாவுடைய கோடு போட்ட நோட்டையும் சங்கத்தின் பேரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டிலும் எது கெட்டி, எது ஓட்டை என்று தெரியும். முதலில் லாபக் கணக்கை முடித்துவிடுகிறேன். எல்லோரும் அதைத்தான் தப்பாகப் போடுகிறார்கள்.

இருபது பேர், இருபது மாதம், ஆளுக்கு 5,000. மாதம் ஒரு லட்சம் சேரும். முதல் சீட்டு வழக்கம்போல் பிடிக்கிறவருக்கு, ஒரு பைசா கழிவில்லாமல். இரண்டாம் மாதத்திலிருந்து ஏலம்: யார் அதிகம் தள்ளிக்கொடுக்கச் சம்மதிக்கிறாரோ அவருக்கே அந்த மாதச் சீட்டு. இரண்டாம் மாதம் ஒருவர் 30,000 தள்ளி எடுக்கிறார் என்று வையுங்கள். அவர் கைக்கு 70,000. தள்ளிய முப்பதாயிரத்தை இருபதால் வகுத்தால் ஆளுக்கு 1,500. இதைச் சில ஊரில் கசர் என்பார்கள், சில ஊரில் லாபம் என்பார்கள். ஆக அந்த மாதம் எல்லோரும் 3,500 கட்டினால் போதும். மாதம் போகப் போகத் தள்ளு குறையும். கடைசி மாதம் தள்ளவே வேண்டாம், முழு லட்சம். குறைவது ஒரே சீராக என்று வைத்துக்கொண்டு கூட்டினால், ஒவ்வொருவரும் இருபது மாதத்தில் கட்டுவது மொத்தம் 85,750 ரூபாய்.

கடைசி ஆள் 85,750 கட்டி ஒரு லட்சம் வாங்குகிறார். லாபம் 14,250. இதை 85,750க்கு வகுத்து "பதினாறரை சதவீதம்" என்பார்கள். தப்பு. அவர் பணம் முழுவதும் இருபது மாதமும் அங்கே இருக்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. மாதா மாதம் போட்டது எத்தனை மாதம் தங்கியது என்று பார்த்துக் கணக்கிட்டால் மாதம் நூற்றுக்கு 1 ரூபாய் 66 காசு வருகிறது. வருஷத்துக்கு 20 சதவீதம். ஆர்.டி. ஆறு, ஏழு சதவீதம் தரும் காலத்தில் இது பெரிய வட்டி. இரண்டாம் மாதம் எடுத்தவருக்கு இதே மாதிரி கணக்குப் போட்டால் அவர் தருவது மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் 40 காசு. வருஷத்துக்கு ஏறக்குறைய 29 சதவீதம். வங்கியில் அடமானம் வைக்க ஏதாவது இருப்பவருக்கு இது கொள்ளை. கந்துவட்டிக்காரரிடம் நூற்றுக்கு ஐந்தோ பத்தோ கொடுத்துப் பழகியவருக்கு இது மூச்சு விட இடம். ஒரே எண்தான், ஆளைப் பொறுத்து அர்த்தம் மாறுகிறது.

ஆக "சீட்டு லாபமா?" என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. எந்த மாதம் எடுக்கிறீர்கள் என்பதுதான் பதில். முன்னால் எடுப்பவருக்குச் சீட்டு என்பது கடன், பின்னால் எடுப்பவருக்கு வைப்பு. நடுவில் எடுப்பவர் பாதி மாதம் அதுவாகவும் பாதி மாதம் இதுவாகவும் இருக்கிறார். கட்டுகிற வட்டியும் கிடைக்கிற வட்டியும் இந்த இருபது பேருக்குள்ளேயே சுற்றுகிறது. ஏலத்தில் சேராதது பிடிப்பவரின் முதல் சீட்டு மட்டும். அவரும் 85,750தான் கட்டுகிறார், ஆனால் ஒரு லட்சத்தை முதல் மாதமே எடுத்துவிடுகிறார். அந்த முதல் சீட்டு எதற்கான கூலி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏலம் இல்லாத குலுக்கல் சீட்டில் வட்டியே கிடையாது. அப்போது எதற்காகச் சேர்கிறார்கள்? தனியாக மாதம் ஐயாயிரம் எடுத்து வைத்தால் ஒரு லட்சம் கையில் வர இருபதாவது மாதம் ஆகும். குலுக்கலில் யாருக்கோ முதல் மாதமே வருகிறது, யாருக்கோ கடைசியில். சராசரி பத்தரை மாதம். கடைசி ஆளுக்கும் தனியாகச் சேர்த்ததைவிட நஷ்டம் இல்லை, மற்ற பத்தொன்பது பேருக்கும் முன்கூட்டியே கிடைக்கிறது. டிமோதி பெஸ்லி, ஸ்டீபன் கோட், க்ளென் லவுரி என்ற மூன்று பொருளாதாரக்காரர்கள் 1993இல் இதைச் சூத்திரம் போட்டுக் காட்டினார்கள். நம் ஊர்ப் பெண்கள் மிக்ஸி வாங்க, கிரைண்டர் வாங்கச் சீட்டுச் சேர்ந்தபோது இதே சூத்திரத்தைத்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, அதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கையில் இருக்கும் பணம் வீட்டில் தங்காது. கணவர் கேட்பார், மச்சினர் கேட்பார். "சீட்டுக்குக் கட்டணும்" என்று சொன்னால் மட்டும் யாரும் கை வைக்க மாட்டார்கள். நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் ஷிவான் ஆண்டர்சன், ஜான்மரி பலாண்ட் இருவரும் ஆராய்ந்து 2002இல் எழுதியதும் இதுவே. அங்கேயும் சீட்டில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் கல்யாணமான பெண்கள் பணத்தைக் கணவர் கையிலிருந்து காப்பாற்றச் சேர்கிறார்கள் என்று கண்டார்கள்.

சரி, கூட்டுறவா என்ற கேள்விக்கு வருகிறேன். அம்மாவின் சீட்டில் ஒரு மாதம் நடந்ததைச் சொன்னால் புரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆளுக்கு ஐந்நூறு, இருபது பேர், பத்தாயிரம் ரூபாய்ச் சீட்டு. ஏழாம் தேதி சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏலம். அந்த மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு வரை தள்ளு போகும் என்று எல்லோருக்கும் தெரியும். தையல் வேலை பார்த்த அக்கா ஒருவர் வந்திருந்தார். அவர் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மா நோட்டைப் பிரித்து, "யாரு கேக்குறீங்க?" என்றார். அந்த அக்கா தலையைக் குனிந்தபடி, "ஐந்நூறு" என்றார். திண்ணையில் பத்து பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேராவது அந்த மாதம் எடுக்க வந்தவர்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அம்மா "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று வழக்கத்தைவிட வேகமாகச் சொல்லி நோட்டில் எழுதிவிட்டார். ஆளுக்கு நூறு ரூபாய் கசர் போயிற்று. போனதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் அதே திண்ணையில், தெருவுக்குப் பிடிக்காத ஒருவர் அவசரத்துக்குக் கேட்டபோது, எடுக்கும் எண்ணமே இல்லாத இரண்டு பேர் மாற்றி மாற்றி ஏற்றிவிட்டு அவரை மூவாயிரத்துக்குத் தள்ள வைத்ததையும் பார்த்திருக்கிறேன். ஏலத்தில் வட்டியைத் தீர்மானிப்பது அந்த மாதம் யாருக்கு எவ்வளவு முடை என்பது. அந்த முடையைப் பார்த்துத் தெரு இரக்கப்படுமா, கறந்துவிடுமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். கூட்டுறவில் வட்டி விகிதம் முன்கூட்டியே முடிவாகி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும். பிடித்தவர், பிடிக்காதவர் என்ற பேச்சுக்கு ஏட்டளவிலாவது இடமில்லை. நான் சொல்லும் முதல் வித்தியாசம் இது.

இரண்டாவது வித்தியாசம் பொறுப்பு யாருடையது என்பது. எங்கள் சீட்டில் ஒருவர் நான்காம் மாதம் எடுத்துவிட்டு ஏழாம் மாதம் குடும்பத்தோடு ஊரை விட்டே போய்விட்டார். மீதி பதின்மூன்று தவணையை யார் கட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள்? அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி அடகுக்குப் போயிற்று. சீட்டு ஒரு மாதம்கூட நிற்கவில்லை. அப்போதுதான் எனக்கு முதல் சீட்டின் அர்த்தம் புரிந்தது. கழிவில்லாமல் எடுக்கிற அந்த முதல் தொகை நோட்டு எழுதுகிற கூலி மட்டும் கிடையாது. எவன் ஓடினாலும் நான் கட்டுகிறேன் என்று ஒருவர் தலையைக் கொடுக்கிறாரே, அதற்கான காப்பீட்டுப் பணம். ஆக, சீட்டில் ஆபத்து ஒருவர் தலையில், முடிவும் ஒருவர் கையில். சேருகிறவர்கள் அவரை நம்பித்தான் சேருகிறார்கள், மற்ற பதினெட்டு பேரை அல்ல.

மூன்றாவது, சீட்டு முடிந்தால் மிச்சம் எதுவும் இல்லை. இருபதாவது மாதம் கடைசி ஆள் வாங்கிக்கொண்டு போனதும் பெட்டி காலி. பத்து வருஷம் நடத்தினாலும் அந்த இருபது பேருக்குப் பொதுவாக ஒரு ரூபாய் சேராது. கூட்டுறவின் உயிரே அந்தப் பொதுவில் சேர்வதில்தான் இருக்கிறது. சங்கத்தின் லாபத்தில் ஒரு பகுதி காப்பு நிதிக்குப் போயாக வேண்டும், அதை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது.

இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் சீட்டு, கூட்டுறவுக்கு அக்கா தங்கை உறவு. ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான், ஆனால் ஒன்று இன்னொன்று ஆகாது. புதுக்கோட்டை, தஞ்சாவூர் எல்லையில் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் நடக்கும் மொய் விருந்தையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்கலாம். கறி விருந்து போட்டு, வந்தவர்கள் எழுதும் மொய்யை வாங்கித் தொழில் தொடங்குவார்கள், போர்வெல் போடுவார்கள். பிறகு ஒவ்வொருவர் விருந்துக்கும் போய் வாங்கியதற்குக் கூடுதலாகத் திருப்பி எழுதுவார்கள். அங்கே பத்திரம் கிடையாது, நோட்டு உண்டு. எழுதாமல் விட்டால் ஊர் பேசும். அந்தப் பேச்சுத்தான் ஜாமீன்.

இந்த ஊர்ப்பேச்சு என்ற ஜாமீனைத்தான் கூட்டுறவுச் சட்டமும் முதலில் பிடித்துக்கொள்ளப் பார்த்தது. சென்னை மாகாணத்தில் விவசாயிகளின் கடன் தொல்லைக்கு என்ன செய்யலாம் என்று ஆராய ஃபிரெடரிக் நிக்கல்சனை அரசு அமர்த்தியது. அவர் ஜெர்மனியில் ராய்ஃபைசன் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்களைப் பார்த்துவிட்டு 1895இலும் 1897இலும் அறிக்கை கொடுத்தார். ராய்ஃபைசன் சங்கத்தின் இரகசியம் எளிது: ஒரே கிராமம், ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள், ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. அதன் தொடர்ச்சியாக 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் கடன் சங்கம் பதிவாயிற்று, திருவல்லிக்கேணியில் டி.யு.சி.எஸ். என்று எல்லோரும் அறிந்த கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கியது.

பிறகு என்ன ஆயிற்று என்பதை நான் உள்ளிருந்து பார்த்தேன். சங்கங்களுக்கு அரசுப் பணம் வந்தது, அரசு அதிகாரம் கூடவே வந்தது. தேர்தல் இல்லாமல் அரசு நியமித்த தனி அலுவலர்கள் வருஷக்கணக்கில் நடத்தினார்கள். கடன் தள்ளுபடிகள் வந்தன. 2021இல் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி அதில் ஒன்று. தள்ளுபடியால் ஏழைகளுக்கு நன்மை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடன் கட்டாதவரைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் கோபப்படும் நிலை போய்விட்டது. கட்டாமல் விட்டது சர்க்கார் பணம் என்ற நினைப்பு. தெருச் சீட்டில் ஒருவர் ஒரு மாதம் தாமதித்தால் இருபது வீட்டிலும் பேச்சு. சங்கத்தில் தவணை கடந்த கடன் பட்டியலைப் படித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று பல தடவை தோன்றியிருக்கிறது.

நடுவில் ஒரு வழி இருக்கிறது, உங்கள் கேள்விக்கு அதுதான் அதிகம் பொருந்தும். சென்னையில் ஜெயா அருணாசலம் 1978இல் உழைக்கும் மகளிர் அமைப்பைத் தொடங்கினார். கூடைக்காரிகள், தெரு வியாபாரிகள் போன்ற பெண்கள் அக்கம்பக்கத்துக் குழுக்களாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றார்கள். முதலில் வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்தார்கள், பிறகு 1981இல் தங்களுக்கே ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் வைத்துக்கொண்டார்கள். தர்மபுரியில் 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. விவசாயத்துக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கி நபார்டு 1992இல் குழுக்களை வங்கியோடு இணைக்கும் முன்னோட்டத்தை ஆரம்பித்தது. 1997இல் இதே குழுக்களுக்காகத் தமிழக அரசின் மகளிர் திட்டம் வந்தது. பத்திலிருந்து இருபது பேர், சிறு சேமிப்பு, அதிலிருந்து உள்கடன், வட்டி பொதுவில் சேரும். பதிவுகூடத் தேவையில்லை. சீட்டின் ஆள்பழக்கமும் சங்கத்தின் பொதுநிதியும் ஒன்றாக இருக்கும் இடம் இது. குறை என்னவென்றால், குழுவில் ஒரு லட்சம் ஒரே நாளில் கையில் கிடைக்காது. அதனால்தான் குழுவில் இருக்கும் பெண்களே பக்கத்தில் ஒரு சீட்டும் போடுகிறார்கள். அதில் ஒரு முரணும் இல்லை.

இனி, பெரிதாக்கலாமா என்ற கேள்வி. வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். நான் பார்த்த சீட்டுகள் உடைந்தது ஆள் கெட்டதால் குறைவு, அளவு கெட்டதால் அதிகம். எங்கள் பக்கத்துத் தெருவில் நன்றாக நடந்த ஒரு சீட்டு, இரண்டாயிற்று, ஐந்தாயிற்று. பிடித்தவருக்குத் தெரிந்தவர் போய், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் வந்தார். ஒருவரே மூன்று பேர் பெயரில் மூன்று சீட்டு எடுத்தார். முதல் சீட்டில் ஒரு தவணை விழாதபோது பிடித்தவர் இரண்டாம் சீட்டுப் பணத்தை எடுத்து அங்கே கொடுத்தார். அதை அடைக்க மூன்றாம் சீட்டு. இப்படி உருட்டத் தொடங்கிய நாளிலேயே அது முடிந்துவிட்டது. வெளியே தெரிய இன்னும் ஒன்றரை வருஷம் ஆயிற்று, அவ்வளவுதான். அவரை மோசடிக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் மாதம் அவர் நினைத்தது சீட்டு நிற்கக் கூடாது என்பதுதான், என் அம்மா நினைத்ததும் அதுவே. அம்மாவிடம் அடகு வைக்கச் சங்கிலி இருந்தது, இரண்டாம் சீட்டு இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1961இல் நமக்குத் தனிச் சீட்டுச் சட்டம் இருந்தது. இப்போது நடப்பது மத்திய அரசின் 1982ஆம் வருஷச் சீட்டு நிதிச் சட்டம். முன் அனுமதியும் பதிவும் இல்லாமல் சீட்டு நடத்துவது தண்டனைக்குரிய குற்றம். தெருவுக்குத் தெரு நடப்பதால் அது சட்டப்படி சரி என்று நினைக்க வேண்டாம். தொடக்கத்தில் நூறு ரூபாய்க்குள் இருக்கும் சீட்டுக்கு மட்டும் விலக்கு இருந்தது. 2019 திருத்தம் அந்த வரம்பை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுத்தது. அதே திருத்தம், தனிநபர் நடத்தக்கூடிய சீட்டின் மொத்த அளவை ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சமாக்கியது, நடத்துபவரின் கமிஷன் உச்சத்தை 5 சதவீதத்திலிருந்து 7 ஆக்கியது. பதிவு செய்தால் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைப் பதிவாளர் பெயரில் வைக்க வேண்டும். தகராறு வந்தால் பதிவாளரே விசாரிப்பார். பதிவில்லாத சீட்டில் பணம் போனால் காவல் நிலைய வாசலில் நின்று பேச வேண்டியதுதான்.

நகைக்கடைச் சீட்டை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நகைச் சீட்டில் சுழற்சி எதுவும் கிடையாது. கடைக்காரரிடம் முன்பணம் கொடுக்கிறீர்கள், அவ்வளவே. அது பதினொரு மாதத்தோடு நிற்பதற்குக் காரணம், 365 நாளுக்குள் சரக்கைக் கொடுக்காவிட்டால் அந்த முன்பணம் வைப்புநிதி ஆகிவிடும் என்று கம்பெனி விதிகள் சொல்வதுதான்.

உங்கள் இருபது பேருக்கு நான் சொல்வது இது. சீட்டைச் சங்கமாக்க வேண்டாம், இருபதை இருபத்தைந்தாக்கவும் வேண்டாம். பதிவு விஷயத்தை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். ஒருவர் இரண்டு பெயரில் சேர்வதை நிறுத்துங்கள். சீட்டு எடுக்கிறவரிடம் மீதித் தவணைக்கு உங்களுக்குள்ளேயே இன்னும் எடுக்காத ஒருவரை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஆபத்து முழுவதும் பிடிக்கிறவர் தலையில் இருப்பது அதனால் கொஞ்சம் பங்காகும், அவரும் முதல் சீட்டை முழுசாக எடுக்காமல் ஒரு சிறு கழிவோடு எடுக்கச் சம்மதிக்கலாம்.

அந்தக் கழிவை ஆளுக்குப் பிரிக்காதீர்கள். அதோடு மாதம் ஆளுக்கு நூறு ரூபாய் சேர்த்து, மூன்று பேர் பெயரில் வங்கிக் கணக்கு ஒன்று தொடங்கிப் போட்டு வையுங்கள். எடுக்க இருவர் கையெழுத்து. வருஷத்துக்கு 24,000 சேரும். அவசரத்துக்கு அதிலிருந்து கடன் கொடுக்கலாம்; வட்டி எவ்வளவு, யாருக்கு முதலில், எவ்வளவு வரை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை யாராவது ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது, ஏலத்தில் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்களா என்று அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.